வெறும் காற்றுதான், ஒண்ணுமில்ல

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "கொஞ்சம் ஆறட்டும், அப்புறமா எழுதுங்களேன்" என்று அண்ணி சொல்லிப் பார்த்தார். ஆறிவிட்டால் எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

எனக்கு நாற்பத்தேழு வயது. நாவலப்பிட்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கம்பளையில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர், இன்றைக்கும் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கடை வாசலில் நிற்கும்போதுகூட "பாப்பா, கொடைய எடுத்தியா?" என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவார். அதற்கு நான் கோபப்பட்டதில்லை. இப்போது அதற்கும் சேர்த்துக் கோபப்படுகிறேன்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பழைய பேய்க் கதைகள் படிக்கிறவள். நூறு வருஷத்துக்கு முன்னும் அதற்கு முன்னும் ஆங்கிலத்தில் எழுதியவை. மெழுகுவர்த்தி, மாடிப்படி, பூட்டிய அறை, இந்த வகை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு தடித்த தொகுப்பு. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா பங்களாவில் சமையல் வேலை செய்தார். பங்களாவில் அலுமாரியைக் காலி பண்ணியபோது அடுப்பெரிக்க வைத்துக்கொள் என்று ஒரு கட்டுப் புத்தகம் கொடுத்தார்களாம். இது ஒன்றுக்குத்தான் அட்டை கெட்டியாக இருந்தது, எரிக்க மனம் வரவில்லை என்று என்னிடம் தந்தார். அந்த அட்டையின் புண்ணியத்தில்தான் நான் இங்கிலீஷ் டீச்சர் ஆனேன்.

இந்தக் காலத்து ஆள் ஒருத்தி அந்தக் கதைகளைப் படித்தால் பயம் வருமா என்று கேட்பார்கள். வராது. எரிச்சல்தான் வரும். மூடுபனி இறங்குகிறது என்று அரைப் பக்கத்துக்குப் பயமுறுத்துவார்கள். மூடுபனி இறங்கினால் எங்களுக்குத் துணி காயாது, அவ்வளவுதான். ஒரு கதையில் கிழக்கிலிருந்து ஒரு மரப்பெட்டி வரும், திறந்தால் சாபம். அந்தக் கிழக்கு நாங்கள்தான். இன்னொன்றில் வேலைக்காரி ஒருத்தி படிக்கட்டில் செத்துக் கிடப்பாள். அவளுக்குப் பெயர்கூட இருக்காது, அடுத்த பத்தியில் துரையும் துரைசாணியும் காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். ஓரத்தில் பென்சிலால் 'சமைத்தது யார்?' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என் இரத்தம் கொதிக்கிற இடம் வேறு. முக்கால்வாசிக் கதைகளில் ஒரு பெண் மெலிந்துகொண்டே போவாள். ஜன்னலில் எதையோ பார்த்ததாகச் சொல்வாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்று புருஷனுக்குத் தெரியும், வைத்தியருக்கும் தெரியும். இரண்டு பேரும் புத்தக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, 'அவளிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாள்' என்று முடிவெடுப்பார்கள். பிறகு புருஷன் வெளியே வந்து அவள் தலையைத் தடவி, 'அது வெறும் காற்றுதான்' என்பான். நாலு பக்கம் தள்ளி அவள் செத்துப்போவாள். என் புத்தகத்தில் இந்த 'வெறும் காற்றுதான்' என்கிற மாதிரி வசனம் பதினான்கு இடத்தில் வருகிறது. பதினான்கிலும் கோடு போட்டிருக்கிறேன். முட்டாளே, இவ்வளவு நடந்தும் கேட்காமல் போய்ப் படுக்கிறாயே என்று அவளையும் ஏசியிருக்கிறேன்.

இனி என் கதை.

கழுத்து வீங்கியிருப்பதை நான் பார்க்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் "டீச்சர், ஒங்க கழுத்துல என்னமோ உருண்டையா ஏறி எறங்குது" என்றாள். தண்ணீர் குடிக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். ஏறி இறங்கியது.

கண்டியில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அவர்கள்மீது எனக்குக் குறை இல்லை. காலை ஆறரைக்கு நம்பர் எடுத்து, பிளாஸ்டிக் கதிரையில் பதினொன்று வரைக்கும் உட்கார்ந்து, உள்ளே போனால் நாலு நிமிஷம். அப்படி ஐந்து தடவை போனேன். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பிக்குத் தைரோய்ட் என்று பெயர். உடம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறதாம். எனக்கு அதில் இரண்டு பக்கமும் கட்டிகள் இருந்தன. மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள், தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. முழுதாக எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். சுரப்பிக்குப் பின்னால் குரலுக்கான நரம்பு ஓடுகிறது, அதில் பட்டால் குரல் போகலாம் என்பதையும் சிங்களத்தில் என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் கேட்டேன், யோசித்தேன், கையெழுத்துப் போட்டேன். இப்படித்தான் மனுஷர் மனுஷரிடம் பேச வேண்டும்.

ஒப்பரேஷனுக்கு நாலு நாள் முன்னால் வாட்டில் சேர்த்தார்கள். துணிமணியோடு புத்தகத்தையும் கொண்டு போனேன். பேய்க் கதையைப் பகல் இரண்டு மணிக்கு, டியூப் லைட்டின் கீழ், டெட்டோல் வாசத்தில் படித்துப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் அக்குறணையிலிருந்து வந்த ஃபரீதா தாத்தா இருந்தார். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், சொல்வதைச் செல்வது என்பார்கள். பித்தப்பைக் கல்லுக்கு வந்திருந்தார்.

"என்னா டீச்சர் அவ்ளோ பெரிய கிதாபு?"

"பேய்க் கதை தாத்தா."

"அல்லாஹ்! ஆஸ்பத்திரியிலயா? வேற கிதாபு கெடைக்கல்லியா?" என்றவர் இரண்டு நிமிஷம்தான் சும்மா இருந்தார். "சரி, செல்லுங்க பாப்பம்."

அன்றிலிருந்து தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தமிழில் கதை சொன்னேன். தாத்தா நல்ல ரசிகை. பேய் வருகிற இடத்தில் அசரவே மாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு புருஷனும் வைத்தியரும் பேசுகிற இடம் வந்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மனிசிகிட்ட ஏன் செல்லல்ல?"

"சொன்னா பயந்துருவான்னு."

"செல்லாட்டி பயப்பட மாட்டாளா?"

முப்பது வருஷமாகப் பென்சிலால் கோடு போட்டு நான் சொல்ல நினைத்ததை, பித்தப்பைக் கல்லோடு படுத்திருந்த ஒருவர் மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

அந்தக் கதை முடியவில்லை. மறுநாள் என்னை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது என் குரல் என்னிடம் இல்லை. வாயைத் திறந்தால் கதவு உரசுகிற சத்தம்தான் வந்தது. தாத்தா தன் கட்டிலிலிருந்தபடி "கதைய அப்புறமா பாத்துக்குவம், அந்த மனிசி நிப்பா" என்றார். இரண்டு நாளில் அவர் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகும்போது டெலிபோன் நம்பரை என் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. உதட்டைச் சுற்றியும் ஊர்ந்தது. தைரோய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். இரத்தத்தில் கல்சியத்தைப் பார்த்துக்கொள்வது அவைதான். ஒப்பரேஷனில் அவை கொஞ்சம் அலைக்கழிந்துபோனால் கல்சியம் இறங்கிவிடும், விரல் விறுவிறுக்கும். நேர்ஸ் பிள்ளை சுண்ணாம்புக் கட்டி போன்ற கல்சியக் குளிசைகளை விழுங்கக் கொடுத்து, "பய வென்ன எபா" என்றாள். வாட்டு டொக்டர் ஆங்கிலத்தில் அதையே சொன்னார். அண்ணன் தமிழில் சொன்னார். மூன்று மொழியிலும் என்னிடம் பயப்படாதே என்றார்கள்.

வெட்டி எடுத்ததைச் சோதித்து ரிப்போர்ட் வர மூன்று கிழமை ஆனது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. குரல் இல்லாவிட்டாலும் பேப்பர் பார்க்கலாம் என்று நான் வேலைக்குப் போய்விட்டேன். அண்ணன்தான் கிளினிக்குக்குப் போனார். சாயந்திரம் வந்து, "என்னா சொன்னாங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றார். "மருந்து குடிக்கணுமாம். வேற ஒண்ணுமில்ல."

கிளினிக் கொப்பி மேசைமேல் கிடந்தது. விரித்துப் பார்த்தேன். டொக்டரின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. புரிந்தது இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும்: சி, ஏ. பெரிய சி, சின்ன ஏ. உயர்தரத்தில் நான் இரசாயனவியல் படித்துத் தோற்றவள். மூலகங்களின் அட்டவணை மட்டும் மறக்கவில்லை.

"கல்சியமாண்ணே?" என்றேன்.

அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார். அந்த ஒரு கணத்தை இப்போது எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவர் முகம் தளர்ந்தது. தேடிக்கொண்டிருந்த சாவியை யாரோ கையில் வைத்த மாதிரி இருந்தது. "ஆமா, கல்சியம்தான்" என்றார். "கல்சியம் கொறைஞ்சிருக்காம். ஒண்ணுமில்ல."

டொக்டர்மார் கான்சரை எழுதும்போது முழுதாக எழுத மாட்டார்கள். அந்த இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. கிளினிக்கில் அண்ணனிடம் விபரமாகச் சொல்லியிருக்கிறார்கள், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இவர் "நான் சொல்லிர்றேன்" என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் பொய்யை நானே தயாராக வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பல்லைக் கடிக்கவும் தோன்றுகிறது. அண்ணியிடமும் கல்சியம் என்றுதான் சொல்லியிருந்தார். பாவம் அண்ணி, முழு மூச்சாக இறங்கிவிட்டார். காலையில் ஒரு டம்ளர் பால், படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர். பகலுக்குத் தினமும் நெத்தலி. முள்ளோடு மென்று தின்ன வேண்டும், முள்ளில்தான் கல்சியம் இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பார். முட்டை ஒன்று விட்டு ஒரு நாள். இந்த வயதில் இப்படி யாரும் என்னை ஊட்டி வளர்த்ததில்லை. அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தார். கேட்காமலே என் அறைக்குப் புது மின்விசிறி மாட்டினார். டெலிபோன் வந்தால் கடைக்குப் பின்னால் சிமெந்து மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நான் அதைப் பார்த்தேன். பதினான்கு இடத்தில் கோடு போட்ட நான்தான் பார்த்தேன். கையில் போன் இருந்தது, இரண்டு எழுத்தைத் தட்டினால் தெரிந்திருக்கும். தட்டவில்லை. அண்ணன்மேல் இருக்கிற கோபத்தில் பாதிக்கு மேல் எனக்கே சேர வேண்டியது என்று இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன். பாலைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஆறு கிழமை கழித்து, "கல்சியத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணுமாம். ரெண்டு மூணு நாள் தங்குற மாதிரி இருக்கும்" என்று அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். பதிவு செய்த பிறகு என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். இளம் லேடி டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மேசையில் படிவம் இருந்தது.

"இருங்கோ அம்மா. போன ரெண்டு கிழமையும் என்னென்ன சாப்பிட்டனீங்கள்?"

நல்ல மாணவி மாதிரி ஒப்பித்தேன். "காலைலயும் படுக்கப் போறப்பவும் பால். பகலுக்கு நெத்தலி. முட்டை."

பேனை நின்றது. "பாலும் குடிச்சனீங்களோ? என்ன சாப்பிடக் கூடாதெண்டு பேப்பர் ஒண்டு தந்ததெல்லோ?"

"எனக்குக் கல்சியம் கொறைவு டொக்டர். அதனாலதான்."

அந்தப் பிள்ளை படிவத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாக, "உங்களுக்கு என்ன வருத்தமெண்டு தெரியுமோ அம்மா?" என்று கேட்டது.

வடக்கில் நோயை வருத்தம் என்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிஷம், எனக்கென்ன வருத்தம், அண்ணன் அண்ணி நல்லாத்தானே பாத்துக்குறாங்க என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளையின் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் கேட்டது எதை என்று விளங்கியது.

"கான்சர் அம்மா. தைரோய்ட் கான்சர். உங்களுக்குச் சொல்லேல்லையோ ஒருத்தரும்?"

"இல்ல" என்றேன்.

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது அந்தப் பிள்ளை. கான்சர்களில் இது அவ்வளவு கொடியது இல்லை, பெரும்பாலும் குணப்படுத்தலாம். உடம்பில் அயடீனைத் தேடித் தின்பது தைரோய்டின் உயிரணுக்கள்தான். ஒப்பரேஷனுக்குப் பிறகும் அங்கங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு கிழமை அயடீனே இல்லாமல் பட்டினி போடுவார்கள். அயடீன் சேர்த்த உப்பு, பால், முட்டை, கடல் மீன் எதுவும் ஆகாது. பிறகு கதிர்வீச்சுள்ள அயடீனை ஒரு குளிசையாகக் கொடுப்பார்கள். பசியோடு இருக்கும் உயிரணுக்கள் அதைப் பாய்ந்து தின்று செத்துப்போகும். நான் இரண்டு கிழமையாக அவற்றுக்கு நெத்தலிப் பொரியலும் பாலும் போட்டு விருந்து வைத்திருக்கிறேன். இன்றைக்குக் குளிசை தர முடியாது. அடுத்த இடம் இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் இருந்தது.

வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் அண்ணன் ஒரு கடதாசிப் பையோடு வந்துகொண்டிருந்தார். பசிக்கும் என்று இரண்டு மீன் பனிஸ் வாங்கியிருந்தார். மீன் பனிஸ்!

"என்னா சொன்னாங்க பாப்பா?"

"கான்சர்னு சொன்னாங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். "யாரு சொன்னது?"

"அதுதான் ஒங்க கேள்வியா? யாரு சொன்னதுன்னு? அந்தப் பேப்பர் எங்கண்ணே?"

"கடை அலுமாரில இருக்கு. நீ பாத்துருவன்னு உள்ளுக்கு வச்சேன். உப்பைக் கொறைச்சுப் போடச் சொல்லி அவகிட்ட சொன்னேனே."

"பால்?"

"கல்சியம்னு சொல்லிட்டு, பாலைக் குடிக்காதன்னு எப்புடிச் சொல்றது?" என்றார். உண்மையிலேயே என்னிடம் வழி கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"எனக்கு எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"எல்லாம் சரியான பொறகு."

"சரியாகாட்டி?"

எனக்குக் கத்த வேண்டும். அந்தத் தாழ்வாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்த வேண்டும். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது, வெறும் காற்று. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் கத்த வேண்டியிருந்தது, அந்த நாளில் தொண்டை இல்லை. "நான் என்னா சின்னப் புள்ளையா? சாகுறது நானா நீங்களா?" என்று உரசுகிற சத்தத்தில் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூட அது கேட்டிருக்காது.

அண்ணன் பனிஸ் பையைப் பார்த்தபடியே சொன்னார். "அம்மாவுக்கு நீதானே சொன்ன. வயித்துல காஸ்னு."

அது உண்மைதான். அம்மாவின் வயிற்று ரிப்போர்ட் கான்சர் என்று ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "என்னா எழுதியிருக்கு பாப்பா?" என்று அம்மா கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, காஸ்தான்" என்றேன். நாலு மாதம் இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைசிவரைக்கும் "இந்தக் காஸ் போக மாட்டேங்குதே" என்றார். எனக்குப் புத்தகம் கொடுத்த அம்மாவுக்கு நான் செய்தது அது. அம்மாவின் கதையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றவள் நான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதை நினைத்து வெந்துகொண்டு வந்தேன்.

அண்ணிதான் எங்கள் இரண்டு பேரையும்விட அதிகமாகக் கோபப்பட்டார். "என் கையாலயே ஊத்திக் குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலு நாள் அண்ணனோடு பேசவில்லை. பிறகு அந்தப் பேப்பரை வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். மறுபடி நாள் வந்தபோது இரண்டு கிழமை வீட்டில் உப்பில்லை, பாலில்லை, கருவாடில்லை. தேசிக்காய்ப் புளியும் மிளகும் போட்டு எதையோ சமைத்தார். அண்ணனும் அதையேதான் சாப்பிட்டார். யாரும் சொல்லவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே தினமும் தட்டைக் காலி பண்ணினார். பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

குளிசை தருகிற அறைக்கு ஈயத்தகடு அடித்த கதவு. உள்ளே மூன்று நாள் தனியாக இருக்க வேண்டும். நம் உடம்பிலிருந்தே கதிர் வீசும் என்பதால் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள். கொண்டுபோகிற சாமான் திரும்பி வராது, வேண்டாததை மட்டும் கொண்டு வாருங்கள் என்றார்கள். நான் புத்தகத்தைக் கொண்டு போனேன். பூட்டிய அறைக்குள் இருக்கிற, யாரும் கிட்ட வரப் பயப்படுகிற அது இந்தத் தடவை நான்தான். அப்படி ஒரு பாத்திரமாக இருந்து பழைய பேய்க் கதை படித்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். பயமாக இல்லை. கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் பொலித்தீன் சுற்றிய போனில் ஃபரீதா தாத்தாவைக் கூப்பிட்டேன். குரல் பாதிதான் திரும்பியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அழுதார், துஆ கேட்டார், அண்ணனை ஒரு மூச்சு ஏசினார். பிறகு, "அது ஈக்கட்டும், அந்த மனிசிக்கு என்ன நடந்த?" என்றார்.

"செத்துட்டா தாத்தா."

"செல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தாலும் செத்திருக்கலாம். ஆனா அந்தக் கதவத் தெறந்து, ரெண்டு பேரையும் நல்லா ஏசிட்டுச் செத்திருப்பா."

"அது போதும்" என்றார் தாத்தா.

வெளியே வரும்போது புத்தகத்தைக் கட்டில்மேல் விட்டுவிட்டு வந்தேன். அம்மா எரிக்காமல் வைத்தது. பென்சில் கோடுகளோடு அது எங்கே போயிற்றோ தெரியாது.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். நான் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் ரிப்போர்ட்டை அண்ணனிடம் கொடுத்துவிட்டார்கள். தூரத்தில் வரும்போதே பார்த்தேன். உறையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டேப்ளர் பின் அடித்தது அடித்தபடியே இருந்தது. "நான் பாக்கல" என்று நீட்டிவிட்டு, நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நான் பிரித்துப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். மடித்துப் பைக்குள் வைத்தேன். "வாங்க, பஸ் போயிரும்" என்றேன்.

கம்பளை பஸ்ஸில் பாட்டு அலறியது. என் குரல் அதற்கு மேலே எழும்பாது என்பது உண்மைதான். ஆனால் வேண்டுமென்றேதான் பேசாமல் வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு பஸ் பயணத்துக்காவது அவருக்குத் தெரியட்டும் என்று இருந்தேன். பேராதனை தாண்டியது, கெலிஓயா தாண்டியது. அவர் என் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கம்பளை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "சொல்லு பாப்பா" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

அவர் அப்படியே பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன், கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு, ஊர் பார்க்க, தோள் குலுங்க அழுதார். "எத்தன நாளைக்குன்னு சொல்லியிருக்காங்க?" என்றார்.

"ஐயோ அண்ணே, நெசமாவே ஒண்ணுமில்ல. எல்லாம் சுத்தமா இருக்காம்."

அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதை அப்படி ஆக்கியது நாங்கள் இரண்டு பேரும்தான். இப்போது உண்மையைச் சொல்ல எங்களிடம் வேறு சொல் இல்லை.

நானும் படியில் உட்கார்ந்தேன். ரிப்போர்ட்டை எடுத்து விரித்தேன். பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. இருந்த குரலில், ஒவ்வொரு வரியையும் முதலில் ஆங்கிலத்தில் விரல் வைத்துப் படித்து, பிறகு தமிழில் சொன்னேன். கழுத்தில் எதுவும் தெரியவில்லை. நெஞ்சில் எதுவும் தெரியவில்லை. எலும்பில் எதுவும் தெரியவில்லை. அடுத்த வருஷம் வந்து காட்டினால் போதும். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில என்னமோ எழுதியிருக்கே?"

"டொக்டர் கையெழுத்து."

"அதுக்கும் கீழ?"

"கடதாசி அச்சடிச்ச ஆளுங்க வெலாசம்ண்ணே."

"அதையும் படி" என்றார்.

படித்தேன்.